நூறு போடு

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும். அக்கா மகள் போன் செய்தாள். குழந்தைகள் நல மருத்துவத்தில் பி.ஜி. முதல் வருடம் படிக்கிறாள். "சித்தி, நாளைக்கு சினாப்சிஸ் கொடுக்கணும். சாம்பிள் சைஸ் எவ்வளவு போடலாம்?" தீசிஸ் ஆய்வுக்கு முன்னால் எழுதிக் கொடுக்கிற திட்டம்தான் சினாப்சிஸ்; ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பது சாம்பிள் சைஸ். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே "நூறு போடு" என்றேன். "தேங்க்ஸ் சித்தி" என்று வைத்துவிட்டாள். குழம்புச் சட்டியைத் தேய்த்து முடித்துக் கவிழ்த்து வைக்கும்போதுதான் உறைத்தது. அவள் என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறாள் என்று நான் கேட்கவே இல்லை. மாணவர்கள் சினாப்சிஸைக் கொண்டுவந்து நீட்டும்போதெல்லாம் "இந்த நூறு எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டு அவர்களைக் கலங்கடிக்கிற ஆள் நான். அக்கா மகள் கேட்டதும் வாயில் தானாக வந்தது அதே நூறு. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நூறு எங்கேயிருந்து வருகிறது என்பது சமூக மருத்துவம் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த ரகசியம்தான். நாலு பி க்யூ பை டி ஸ்கொயர் (4pq/d²). தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நாம் தேடுகிற விஷயம் எத்தனை சதவீதம் பேரிடம் இருக்கும் என்கிற ஊகம் பி, மீதி க்யூ, நாம் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிற பிழை டி. பி 50, க்யூ 50, டி 10 என்று வைத்துக்கொண்டால் மேலே 10,000, கீழே 100, விடை 100. அதே கணக்கில் டி 5 என்று போட்டால் 400 ஆகிவிடும். மூன்று வருடப் படிப்பில் டியூட்டி பார்த்தது போக 400 பேரை யார் உட்கார்ந்து கேட்பது? ஆகவே டி பத்தாகிறது. பி கொஞ்சம் இடக்கு செய்தால், இணையத்தில் தேடி நமக்குத் தோதான பி-யைச் சொல்லும் ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்கிறோம். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. நானும் அப்படித்தான் போட்டேன். இதில் கைடு, மாணவர், கமிட்டி மூவருக்குமே மனவருத்தம் கிடையாது.

எனக்குள்ள உறுத்தல் கணக்கில் இல்லை. அந்த டி-யை நிரப்ப வேண்டுமானால் ஒருவர் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: விடை எவ்வளவு தப்பாக இருந்தால் பரவாயில்லை? இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால் கேள்வி இன்னும் கறாராகும்: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நாளைக்கு நான் வேறு மாதிரி வைத்தியம் செய்வேன்? பாதிப் பேர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிற இடத்தில் அதை 60 சதவீதமாக உயர்த்தினால் போதும் என்று நினைத்தால், வழக்கமான கணக்குப்படி ஒரு குழுவுக்கே சுமார் 390 பேர் வேண்டும். 70 ஆக்கினால்தான் பிரயோஜனம் என்றால் ஒரு குழுவுக்கு 90 சொச்சம் போதும். ஐம்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் 27, 28 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் கண்ணில் படுவதற்கு நல்ல வாய்ப்பு. அவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த வைத்தியம் தருகிறது? இந்தக் கேள்விகளுக்கு ஃபார்முலாவில் பதில் கிடையாது. வார்டில் இருக்கிறது, ஓ.பி.யில் இருக்கிறது, ரேஷன் கடை வரிசையில்கூட இருக்கிறது. "எத்தனை பேர்?" என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி. நாம் அதைத்தான் முதலில் கேட்கிறோம், அதுவும் ராத்திரி பத்தரைக்கு.

வியாழக்கிழமை சந்தை

என் தீசிஸைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனை, சுகர் ஓ.பி. வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து நினைவூட்டினால் சாப்பிடுவார்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அப்போதுதான் எல்லார் வீட்டிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்த காலம், தலைப்பு புதுசாக இருக்கிறது என்று கைடுக்கும் சந்தோஷம். திங்கட்கிழமை வருகிறவர்கள் 50 பேருக்குப் போன், வியாழக்கிழமை வருகிறவர்கள் 50 பேருக்குப் போன் இல்லை. ஒரே ஓ.பி., ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. இதைவிட நேர்மையாக எப்படிப் பிரிப்பது என்று நினைத்தேன். சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமே என்று ஒரு சீனியர் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் போன் செய்தால் மற்றவர் கோபித்துக்கொள்வார், நாள்வாரியாகப் பிரித்தால் வம்பில்லை என்று அவர் வாயை அடைத்தேன்.

ப்ரொஃபார்மா, அதாவது கேள்வித்தாள், 42 கேள்வி. வயது, படிப்பு, வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர், வீட்டில் கழிப்பறை உண்டா, காலை உணவு என்ன, நடைப்பயிற்சி உண்டா. சுகர் மாத்திரைக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. முந்தின வருட தீசிஸில் இருந்தது, எனக்கும் வந்தது. முக்கியமான கேள்வி முப்பத்தெட்டாவது: "கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை சாப்பிடாமல் விட்டீர்கள்?" கடந்த சில மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்க்கலாம் என்றால் அப்போது எங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை, வெளியே பார்க்க என்னிடம் காசில்லை. மூன்று மாதம் நானே உட்கார்ந்து போன் செய்தேன். "பாட்டி, மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன் தாயி." இப்படி வாரம் 50 தாயி.

எல்லாம் முடிந்து எக்ஸெல்லில் ஏற்றி, எல்லாருடைய பதில்களும் அடங்கிய அட்டவணையான மாஸ்டர் சார்ட்டை அச்செடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற ஸ்டாட்டிஸ்டீஷியன் ஒருவரிடம் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் பாதி தீசிஸ்கள் அவர் வீட்டுத் திண்ணையில்தான் முடிவுக்கு வரும். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது அவருடைய சொந்த நக்கல் இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நவீனப் புள்ளியியலின் முன்னோடி ரொனால்ட் ஃபிஷர் 1938-இல் கல்கத்தாவுக்கு வந்து முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசியபோது சொன்னது. ஆராய்ச்சி முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போனால், அது எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார் என்று. எங்கள் திண்ணைக்காரர் அதோடு நிறுத்தவில்லை. "திங்கள்ள யார் வர்றா, வியாழன்ல யார் வர்றா?" என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதான் சார், சுகர் பேஷண்ட்ஸ்" என்றேன். "சீட்டுப் போடுறவரைக் கேட்டுப் பாருங்க."

மறுநாள் ஓ.பி. சீட்டு எழுதும் அண்ணனைக் கேட்டேன். முப்பது வருடமாக அதே ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். தலையைத் தூக்காமலே சொன்னார்: "வியாழக்கிழமை சந்தை நாள் மேடம். ஆடு விக்க வர்றது, காய் விக்க வர்றது எல்லாம் வெயிலுக்கு முந்தி இங்க வந்து மாத்திரை வாங்கிட்டு அப்படியே சந்தைக்குப் போகும். திங்கள்னா டவுன் ஆளுங்க." திங்கட்கிழமைக்காரர்கள் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறவர்கள். வியாழக்கிழமைக்காரர்கள் விடிவதற்கு முன் பஸ் பிடித்து வந்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, அப்புறம் சந்தையில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள். நான் ஒப்பிட்டது போன் வந்தவர்களையும் வராதவர்களையும் அல்ல, டவுனையும் சந்தையையும். முதல் நாளே அந்த ஜன்னலில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

இருந்தாலும் பி வேல்யூ 0.05-க்குக் கீழே வந்துவிட்டது; அதாவது, இவ்வளவு வித்தியாசம் வெறும் தற்செயலாக வருவது அரிது என்று கணக்கு சொன்னது. போன் வந்தவர்கள் மாத்திரையைக் குறைவாகவே விட்டிருந்தார்கள். மனம் எதையும் சமாதானம் செய்துகொள்ளும் அல்லவா; சந்தை சமாசாரத்தை ஒரு பத்தியில் எழுதிவிடலாம் என்று தேற்றிக்கொண்டேன்.

ஹார்லிக்ஸ் பாட்டில்

தீசிஸ் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது காய்ச்சல் முகாம் என்று பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொண்டு போனபோது ஒரு வாசலில் "அடடே, போன் டாக்டரம்மா" என்று குரல். என் திங்கட்கிழமைப் பட்டியலில் இருந்த பாட்டி. மகள் வீடு டவுனில், அங்கே இருக்கும்போது திங்கட்கிழமை வருவாள். இப்போது சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. கழுத்துவரைக்கும் மாத்திரை அட்டைகள். நாங்கள் கொடுத்த சுகர் மாத்திரை மெட்ஃபார்மின்தான், பிரிக்காமல் மடித்து மடித்து அடுக்கியிருந்தாள். என் ப்ரொஃபார்மாவில் அவளுக்கு நேரே, விட்ட நாட்கள்: சுழியம்.

"பாட்டி, இது என்ன?" என்று கேட்டேன். ஒளிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. "ரெண்டு வேளையும் போட்டா வயித்தக் கலக்குது தாயி. களை எடுக்கப் போற இடத்துல எங்க ஒதுங்க? வேலை இல்லாத நாள்ல போட்டுக்கிடுவேன். ஆஸ்பத்திரில ஒரு மாசம் இருக்குன்னுவான், ஒரு மாசம் இல்லன்னுவான், அதான் சேத்து வெச்சிருக்கேன்." சரி, அப்படியானால் போனில் கேட்டபோது ஏன் தினமும் போட்டதாகச் சொன்னாய் என்றேன். பாட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. புரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "நீ அம்புட்டு அக்கறையா வாராவாரம் கூப்புட்டுக் கேக்குற. போடலேன்னு எப்படிச் சொல்லுவேன்? மனசு சங்கடப்படாதா உனக்கு?"

திரும்பி வரும் ஜீப்பில் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. போன் செய்யப்படாத வியாழக்கிழமைக்காரர்களுக்கு என் மனசைப் பற்றிக் கவலையில்லை. ஏழு நாளில் மூன்று நாள் விட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்கள். போன் செய்யப்பட்டவர்கள்தான் என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொன்னார்கள். என் போன் மாத்திரை சாப்பிடுவதைக் கூட்டியதா என்று எனக்குத் தெரியாது. மரியாதையைக் கூட்டியது. அந்த மரியாதையை அளந்து, பி வேல்யூ போட்டு, மாத்திரை என்று பெயர் வைத்திருந்தேன். கேட்கிறவரே வைத்தியம் செய்தவராகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும். நூறு பேர் இல்லை, ஆயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் இதே பொய்தான் இன்னும் உறுதியாக வந்திருக்கும். வயிற்றைக் கலக்குகிறது, ஒதுங்க இடமில்லை என்ற காரணமோ 42 கேள்வியில் எதிலும் இல்லை. கழிப்பறை உண்டா என்று கேட்டிருந்தேன். களை எடுக்கும் காட்டில் உண்டா என்று கேட்கவில்லை.

அப்புறம் என்ன செய்தேன்? தீசிஸைக் கொடுத்தேன். 'குறைபாடுகள்' என்ற தலைப்பின் கீழ், தரவு நோயாளிகளின் வாய்மொழியை நம்பியது என்று ஒரே ஒரு வரி. பரீட்சை அன்று வந்த எக்ஸாமினர், மேற்கோள் பட்டியலில் கமா விட்டுப்போனதைப் பற்றிக் கேட்டார். பாஸ்.

சேத்துப்பட்டில் நடந்தது

வேலைக்குச் சேர்ந்த பிறகு பாடம் எடுப்பதற்காக 1959-இல் வெளியான மெட்ராஸ் காசநோய் ஆய்வின் அறிக்கையை முழுதாக உட்கார்ந்து படித்தேன். படிக்கும் காலத்தில் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்ததுதான்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து 1956-இல் ஆரம்பித்தது, வீட்டிலிருந்தே வைத்தியம், சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில் வைத்து வைத்தியம், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த முறை விடையை விட்டுவிட்டு, அவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணிலேயே இருந்தது.

மொத்தம் 193 நோயாளிகள். என்னுடையதைவிட இரண்டு மடங்குகூட இல்லை. யாருக்கு வீடு, யாருக்குப் படுக்கை என்பதைக் கிழமையோ, டாக்டரின் இரக்கமோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. இரக்கத்துக்கு விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மிக மோசமானவர்களுக்கும் ஏழைகளுக்கும் படுக்கையைக் கொடுத்திருப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைகுறைச் சாப்பாடு, முடிந்தவர்கள் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். இரு தரப்புக்கும் காசநோய் மருந்துகளான ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் ஒரு வருடம். வீட்டிலிருக்கிறவர் மருந்தைச் சாப்பிட்டாரா என்று அவர் வாயை மட்டும் நம்பவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால், இதே தமிழ்நாட்டில், யாரோ ஒருவர் என் பாட்டியை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார். ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸும் அவரோடு இருந்தவர்களும் இதிலிருந்துதான் மக்கள் மருந்தை எப்படியெல்லாம் விடுகிறார்கள் என்று கற்றுக்கொண்டார்கள். கண்ணெதிரே மாத்திரையை விழுங்கவைக்கும் முறைக்கு அங்கேதான் ஒரு வேர்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் குடும்பத்துக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எதிர்ப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த வாதத்தை ஆரம்பத்திலேயே ஆய்வுக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். இரு தரப்புக் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. விடை எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த நாள் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவு: வீடு போதும் என்றால் ஊரெங்கும் மருந்து கொடுக்கலாம், போதாது என்றால் எங்கிருந்தாவது கடன் வாங்கிப் படுக்கை கட்ட வேண்டும். நோயாளிகள் அவ்வளவு, படுக்கைகள் இவ்வளவு என்ற ஊரில் அது வாழ்வா சாவா கேள்வி. அந்த ஆய்வை நடத்திய மையம் இன்றைக்கும் சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பேன். சொன்னால் சிரிப்பார்கள், கோவிலைப் பார்க்கிற மாதிரி.

வெறும் கட்டம்

திண்ணைக்காரர் அன்றைக்கு என்னை அனுப்பும்போது சொன்னதைத்தான் இப்போது மாணவர்களிடம் திருப்பிச் சொல்கிறேன். "அடுத்த தடவை மாஸ்டர் சார்ட்டோட வராதீங்க. ஒரு ஆளையும் பாக்குறதுக்கு முந்தி, தீசிஸ்ல வரப்போற டேபிளை எல்லாம் நம்பர் இல்லாம வெறும் கட்டமாப் போட்டுக் கொண்டாங்க." கேட்கும்போது விளையாட்டாகத் தெரியும். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் வியர்த்துவிடும். வரிசைக்குத் தலைப்பு எழுத வேண்டும், பத்திக்குத் தலைப்பு எழுத வேண்டும். "ஒழுங்காகச் சாப்பிட்டவர்" என்று எழுதியவுடனே எதை வைத்து ஒழுங்கு என்று கேள்வி வரும். என் 42 கேள்விகளை அப்படிக் கட்டத்தில் போட்டுப் பார்த்தபோது 9 கேள்விக்குத்தான் இடம் இருந்தது. மீதி 33-ஐக் கேட்டு நூறு பேருடைய காலைப் பொழுதை வீணடித்திருக்கிறேன். கட்டத்தைப் போட்டபின் ஒவ்வொரு கட்டத்திலும் கற்பனையாக ஒரு எண்ணை எழுதச் சொல்வேன், முதலில் பெரிதாக, பிறகு சிறிதாக. இரண்டுக்கும் நீ செய்யப்போவது ஒன்றேதான் என்றால் அந்தக் கட்டம் எதற்கு?

அந்த 'நூறு போடு' ராத்திரிக்கு மறுநாள் காலையில் அக்கா மகளுக்குப் போன் செய்து தலைப்பைக் கேட்டேன். பிரசவித்த தாய்மார்களிடம் தாய்ப்பால் பற்றிய அறிவு, மனப்பாங்கு, பழக்கம். நினைத்தேன். இந்தத் தலைப்பில் தமிழ்நாட்டில் எத்தனை தீசிஸ் இருக்கும் என்று எண்ணினால் அலமாரி போதாது. "பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடுக்கணும்னு தாய்க்குத் தெரியலேன்னு வருது. என்ன செய்வ?" "சொல்லிக் கொடுப்போம் சித்தி." "தெரியும்னு வருது?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்பவும் சொல்லிக் கொடுப்போம்." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சினாப்சிஸைக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் வாங்கினாள். அதற்குள் எதையும் எழுதாதே, நைட் டியூட்டியில் வார்டில் சும்மா ஒரு வாட்ச்சோடு உட்கார் என்றேன்.

பத்து நாள் கழித்து அதிகாலை நாலு மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு படம். நோட்டுப் பேப்பரில் கையால் போட்ட வெறும் கட்டம். வரிசைகளில் சிசேரியன், சுகப்பிரசவம். பத்திகளில் குழந்தை பிறந்த நேரம், குழந்தைகள் வார்டுக்குப் போன நேரம், தாயிடம் வந்த நேரம். கீழே எழுதியிருந்தாள்: "சித்தி, சிசேரியன் அம்மாங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கேட்டுக்கிட்டே இருக்காங்க. குழந்தை மூணு மணி நேரம் கழிச்சுத்தான் அவங்க கைக்கு வருது. தூக்கிட்டுப் போய்க் கொடுக்க ராத்திரில ஆள் இல்ல." உடனே போன் செய்தேன். கைடு ஒப்புக்கொள்வாரா, தலைப்பை மாற்ற விடுவார்களா என்று பேசினோம். கடைசியில், "இப்பச் சொல்லுங்க சித்தி, எத்தனை பேர்?" என்றாள்.

"எத்தனை நிமிஷம் குறைஞ்சா உங்க வார்டுக்கு அது பெரிய விஷயம்?" என்று கேட்டேன்.

"தூக்கம் வருது சித்தி. யோசிச்சுச் சொல்றேன்."

மூன்று நாளாகிறது. இன்னும் சொல்லவில்லை. நேற்று அக்கா போனில் புலம்பினாள், டியூட்டி இல்லாத நாளில்கூட பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறதாம்.